ஈக்கோட்ரானில் முதல் சோதனை: செடியை வைக்கும் முன் அறையை அளந்து பாருங்கள்

ஒரு துண்டு நிலத்தை அதன் மண், வேர், புழு, பூஞ்சை, செடி எல்லாவற்றோடும் அடைத்த அறைக்குள் வைத்து, வெப்பம், ஈரப்பதம், ஒளி, மழை, காற்றிலுள்ள கரியமில வாயு ஆகியவற்றை நாமே தீர்மானித்து, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளப்பதற்கான நிலையம்தான் ஈக்கோட்ரான். செடிகளை மட்டும் வளர்க்கும் பைட்டோட்ரான் இதற்கு மூத்தது. 1949-இல் அமெரிக்காவின் கால்டெக்கில் ஃப்ரிட்ஸ் வென்ட் அமைத்தது அந்த வகையின் முன்னோடி. ஈக்கோட்ரான் என்ற பெயரில் முதலில் வந்தது லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சில்வுட் பார்க் வளாகத்தில், 1990களின் தொடக்கத்தில், 16 அறைகளோடு. இன்று பிரான்ஸில் மோன்பெலியே, பெல்ஜியத்தில் ஹாசெல்ட் பல்கலைக்கழகம், ஜெர்மனியில் பாட் லாக்ஸ்டெட் ஆகிய இடங்களில் பெரிய நிலையங்கள் இயங்குகின்றன. ஆய்வுத் திட்டத்தை எழுதி அனுப்பி அறை நேரம் பெறலாம். கைவசம் இருக்கும் இரண்டு மூன்று வளர்ப்பு அறைகளைக் கொண்டு சிறு அளவில் இதையே செய்யும் ஆய்வகங்களும் உண்டு. இந்த வழிகாட்டி இரு தரப்புக்கும் பொருந்தும்.

புதிதாக வருகிறவர்கள் கண்ட்ரோல் பேனலில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். பேனல் காட்டுவது சென்சார் தொங்கும் இடத்தின் நிலையை மட்டும்தான். இலையின் நிலையும் வேரின் நிலையும் வேறாக இருக்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் செடியைவிட அறையைப் பற்றிய பேச்சே அதிகம்.

படி 1: இந்தக் கேள்விக்கு அறை தேவையா?

வெப்பம் ஓரிரு டிகிரி கூடினால் புல்லின் பூக்கும் காலம் எப்படி மாறும் என்பது மட்டும் கேள்வியானால், வயலில் திறந்த கூரை கொண்ட பிளாஸ்டிக் கூண்டே போதும். செலவும் மிகக் குறைவு. மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகள், மேய்ச்சல் விலங்குகள், முதிர்ந்த மரங்கள் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு அறை பொருந்தாது.

இரண்டு சூழ்நிலைகளில் அறை ஈடு இணையற்றது. ஒன்று, இதுவரை வராத வானிலையைச் செயற்கையாகக் கொண்டுவர வேண்டியபோது. அதாவது வறட்சியும் வெப்ப அலையும் உயர்ந்த கரியமில வாயுவும் ஒரே நேரத்தில் வரும் ஒரு கோடை. மற்றொன்று, கார்பனுக்கோ தண்ணீருக்கோ முழு வரவுசெலவுக் கணக்குப் போட வேண்டியபோது. உங்கள் கேள்வி இவற்றில் எதிலும் அடங்கவில்லை என்றால், விண்ணப்பம் எழுதும் நேரத்தை வயலில் செலவிடுவது நல்லது.

படி 2: எத்தனை அறைகள்?

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் தோற்கின்றன. ஓர் அறை 25 டிகிரி, இன்னொன்று 30 டிகிரி, ஒவ்வொன்றிலும் 20 தொட்டிகள் என்றால் உங்களிடம் 20 ரெப்ளிகேஷன் (ஒன்றையொன்று சாராத மறுசோதனை) இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வெப்பநிலை அறைக்குத் தரப்படுகிறது, தொட்டிக்கு அல்ல. இரண்டாம் அறையின் விசிறி வேகமாகச் சுற்றினாலும், விளக்கு பழசாகியிருந்தாலும், அந்த வேறுபாடும் வெப்பத்தின் விளைவாகவே உங்கள் தரவில் பதிவாகும். போலி ரெப்ளிகேஷன் என்ற இந்தப் பிழையை ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இலேயே விரிவாக எழுதினார். இன்றும் இதே காரணத்துக்காகக் கட்டுரைகள் திருப்பி அனுப்பப்படுகின்றன.

என்ன செய்யலாம்? 12 அறைகள் கிடைத்தால், மூன்று நிலைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அறைகள் என்பது வழக்கமான பங்கீடு. இன்னொரு வழி, அறைகளைப் படிக்கட்டுபோல் அமைப்பது: ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு வெப்பநிலை கொடுத்து, விளைவை ஒரு வளைகோடாக வரைவது. ஹாசெல்ட் நிலையம் தன் 12 அறைகளில் ஒரு பாதியை உலக வெப்ப உயர்வின் வரிசையிலும் மறுபாதியை மழையளவின் வரிசையிலும் இப்படித்தான் ஓட்டியது. எந்தப் புள்ளியில் சூழல் மண்டலம் திடீரென மாறுகிறது என்பது கேள்வியானால் இந்த முறையே சிறந்தது. கையில் இரண்டே அறைகள் இருந்தால், சோதனையை முழுமையாக மீண்டும் மீண்டும் நடத்துங்கள், ஒவ்வொரு சுற்றிலும் வெப்பநிலையை அறை மாற்றிக் கொடுத்து. பாதியில் தொட்டிகளை இடம் மாற்றுவது அறை வேறுபாட்டைச் சற்றுக் கலைக்கும். ஆனால் ரெப்ளிகேஷன் எண்ணிக்கையைக் கூட்டாது.

ஒளிந்திருக்கும் இரண்டாவது காரணி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில்வுட் பார்க்கில் 9, 15, 31 இனங்கள் கொண்ட சிறு சூழல் மண்டலங்களை அமைத்து, இனம் கூடக்கூடக் கரியமில வாயு உறிஞ்சப்படுவதும் கூடுகிறது என்று 1994-இல் வெளியிட்டார்கள். புகழ்பெற்ற முடிவு அது. ஆனால் குறைந்த இனங்கள் கொண்ட தொகுப்பு, அதிக இனங்கள் கொண்ட தொகுப்பின் ஒரு பகுதியாகவே அமைந்திருந்தது. பெரிதாக வளரும் செடிகள் பெரிய தொகுப்பில்தான் இருந்தன. ஆகவே விளைவுக்குக் காரணம் இன எண்ணிக்கையா, அந்தக் குறிப்பிட்ட செடிகளா என்ற விமர்சனம் எழுந்தது. இனங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பல வேறு கலவைகள் வைத்திருந்தால் அந்தச் சர்ச்சை வந்திருக்காது.

படி 3: மண்

மண்ணை இரண்டு விதமாகக் கொண்டுவரலாம்: சலித்து நிரப்புவது, கட்டியாக வெட்டி எடுப்பது.

சலித்த மண் எல்லா அறைக்கும் ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. நிரப்பும்போது 10 செ.மீ. அடுக்குகளாக, எடை போட்டு நிரப்புங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 செ.மீ. அடுக்குக்கு, கன மீட்டருக்கு 1.3 டன் அடர்த்தி வேண்டுமானால், 130 கிலோ உலர்மண் தேவை. மண்ணில் 15 சதவீத ஈரம் இருந்தால் ஏறக்குறைய 150 கிலோ அள்ளிப் போட்டு, சரியாக 10 செ.மீ. உயரத்துக்கு அமுக்க வேண்டும். அடுத்த அடுக்குக்கு முன் மேற்பரப்பைக் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் தயங்கி நிற்கும். உலர்ந்து கிடந்த மண்ணில் ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் விழித்துக் கரியமில வாயுவைக் கொட்டும், நைட்ரேட்டும் பொங்கும். இது அடங்கச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அளந்த எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கட்டியாக எடுத்தால் மண்ணின் துளைகளும் புழுப் பாதைகளும் பூஞ்சை இழைகளும் குலையாமல் வரும். எஃகு உருளையை ஹைட்ராலிக் விசையால் மெல்ல அழுத்தி இறக்கி, அடியை வெட்டித் தூக்க வேண்டும். ஹாசெல்ட்டில் ஹோகே கெம்பென் தேசியப் பூங்காவின் புதர்நிலத்திலிருந்து எடுத்த கட்டிகள் 2 மீட்டர் விட்டமும் 1.5 மீட்டர் ஆழமும் கொண்டவை. கன அளவு 4.7 கன மீட்டர். எடை எத்தனை டன் வரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். கிரேன், தரையின் தாங்குதிறன், கதவின் அகலம் மூன்றையும் உருளை செய்ய ஆர்டர் கொடுக்கும் முன் சரிபாருங்கள். கதவுக்குள் நுழையாத உருளை என்பது கேட்கச் சிரிப்பாக இருக்கும், நடக்கக்கூடியதுதான். வெட்டும்போது மண் மிதமான ஈரத்தில் இருக்க வேண்டும். சேறாக இருந்தால் அமுங்கும், காய்ந்திருந்தால் உதிரும்.

இரு வகைக்கும் பொதுவான சிக்கல்கள் மூன்று.

முதலாவது அடிப்பகுதி. அடியில் ஓட்டை போட்டுவிட்டால் தண்ணீர் வயலில்போல் வடியும் என்று நினைக்க வேண்டாம். அடி மண் முழுக்க நனைந்த பிறகுதான் சொட்டத் தொடங்கும். அதனால் அடியில் எப்போதும் ஒரு சதுப்பு அடுக்கு நிற்கும், வேர் அழுகும், மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வரும். வயலில் அதே ஆழத்தில் டென்சியோமீட்டர் (மண் நீரை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்று அளக்கும் கருவி) காட்டும் இழுவிசையைக் குறித்து, நுண்துளைக் குழாய்கள் வழியே பம்ப் வைத்து அதே விசையில் நீரை உறிஞ்ச வேண்டும்.

இரண்டாவது சுவர். கரிசல் மண் காயும்போது சுருங்கிச் சுவரை விட்டு விலகும். அடுத்த மழை அந்த இடுக்கு வழியே நேராக அடிக்குப் போய்விடும். மழை விட்ட சில நிமிடங்களிலேயே வடிகாலில் தண்ணீர் வந்தால் இதுதான் காரணம். விளிம்பில் பென்டோனைட் களிமண் பூசுவது உதவும்.

மூன்றாவது மண்ணின் வெப்பம். வயலில் ஒரு மீட்டர் ஆழத்தில் பகலும் இரவும் ஏறத்தாழ ஒரே வெப்பம்தான். அறையில் நிற்கும் தொட்டியோ பக்கவாட்டில் சூடேறும். பக்கங்களுக்குக் காப்புப் போர்வையும் அடியில் குளிர்நீர்ச் சுருளும் வைக்காத சோதனையில் வேர்கள் வேறொரு காலநிலையில் வாழ்கின்றன.

படி 4: காலி அறையில் சோதனைகள்

மண்ணும் செடியும் இல்லாமல் அறையை இரண்டு வாரமாவது ஓட்டுங்கள். நிலைய நிர்வாகிகள் இதற்கு நேரம் தரத் தயங்கலாம், விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கசிவு. கரியமில வாயுவை 1,400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,400 பங்கு) வரை ஏற்றி, வால்வை மூடி, குறைவதைக் கவனியுங்கள். வெளிக்காற்று 420 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். 10 மணி நேரத்தில் உள்ளே 1,100 ஆகிவிட்டால், வெளிக்காற்றுக்கு மேலே இருந்த 980 இப்போது 680. இந்த இரண்டின் விகிதத்துக்கு இயல் மடக்கை எடுத்து 10-ஆல் வகுத்தால் 0.037; அதாவது மணிக்கு 3.7 சதவீதக் காற்று மாறுகிறது. சிறிய எண்ணாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 கன மீட்டர் அறை, உள்ளே 800 பிபிஎம். கசிவால் மட்டும் நிமிடத்துக்கு 0.23 பிபிஎம் குறையும். அந்த அறையில் ஒரு சதுர மீட்டர் புல்தரை நொடிக்கு 5.5 மைக்ரோமோல் கரியமில வாயுவை உறிஞ்சினால் ஏற்படும் குறைவு நிமிடத்துக்கு 1 பிபிஎம். ஆக, உங்கள் ஒளிச்சேர்க்கை அளவில் கால் பங்குக்குச் சற்றே குறைவான பிழை. கசிவை அளந்துவிட்டால் கழித்துக்கொள்ளலாம். அளக்காவிட்டால் அது செடியின் கணக்கில் ஏறிவிடும். கதவு ரப்பர், கேபிள் நுழையும் துளை, வடிகால் குழாய் ஆகிய மூன்றில்தான் பெரும்பாலும் கசியும். வடிகாலில் வளைகுழாய் வைத்து எப்போதும் தண்ணீர் நிற்கச் செய்யுங்கள்.

ஒளியும் வெப்பமும். தரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, செடி உச்சி எட்டப்போகும் உயரத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒளியை அளங்கள். மூலைக்கும் நடுவுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் மூலைகளைப் பயன்படுத்தாதீர்கள். வெப்ப சென்சாருக்கு நிழல் கூடும் சிறு விசிறியும் அவசியம். விளக்கின் நேரடி ஒளி பட்டால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தன் சூட்டையே காட்டும். இலை வெப்பம் காற்றைவிடச் சில டிகிரி கூடவோ குறையவோ இருக்கும் என்பதால் அகச்சிவப்பு வெப்பமானியால் அதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

சென்சார்கள். ஈரப்பத சென்சாரைச் சரிபார்க்க மூடிய டப்பாவில் நனைந்த சமையல் உப்புக் கூழ் போதும். 25 டிகிரியில் அதன் மேலுள்ள காற்று 75.3 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும். மெக்னீசியம் குளோரைடு கூழானால் 33 சதவீதம். இரு புள்ளிகளிலும் பொருந்தினால் சரி. கரியமில வாயு அளவிக்குச் சுழிய வாயுவும் (கரியமில வாயுவே இல்லாதது) தரப்படுத்திய வாயுவும் (அதன் அளவு துல்லியமாகத் தெரிந்தது) கொண்டு மாதம் ஒரு முறை. இவற்றோடு, எல்லா அறைகளுக்கும் எடுத்துச் செல்லும் ஒரே ஒரு நல்ல சென்சார் தொகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறை உண்மையிலேயே வெப்பமா, அதன் சென்சார் பொய் சொல்கிறதா என்பதை அந்தப் பொதுச் சாட்சிதான் தீர்க்கும்.

நஞ்சு. புதிய பிளாஸ்டிக் குழாய், சீலண்ட், பெயின்ட் ஆகியவற்றிலிருந்து வரும் ஆவி சில செடிகளைக் கொல்லும். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் டைபியூட்டைல் தாலேட் இதில் பேர்போனது. கரியமில வாயு சிலிண்டரில் எத்திலீன் மிகச் சிறு அளவில் கலந்திருந்தாலும் இலைகள் கீழ்நோக்கி வளையும், பூ உதிரும். ஒவ்வோர் அறையிலும் தக்காளி நாற்று இரண்டு வாரம் வளர்த்துப் பாருங்கள். அறைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்கும் அதுவே முதல் அளவீடு.

படி 5: காலநிலையைத் தீர்மானித்தல்

வெப்பத்தை உயர்த்தும்போது ஈரப்பதத்தை என்ன செய்வது என்று முதலிலேயே முடிவெடுங்கள். 25 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றின் ஆவியழுத்தப் பற்றாக்குறை (முழுதும் ஈரமாக இன்னும் எவ்வளவு நீராவி வேண்டும் என்பதன் அளவு) 0.95 கிலோபாஸ்கல். 30 டிகிரியிலும் அதே 70 சதவீதத்தை வைத்தால் அது 1.27 ஆகும், செடியிலிருந்து தண்ணீரை இழுக்கும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. நீங்கள் ஆராய்வது வெப்பத்தையா வறட்சியையா என்று தெரியாமல் போகும். பற்றாக்குறையைப் பழையபடி வைக்க ஈரப்பதத்தை 78 சதவீதமாக்க வேண்டும். இதில் ஒரே சரியான விடை கிடையாது. பூமி சூடாகும்போது நிஜக் காற்றிலும் பற்றாக்குறை கூடவே செய்கிறது. எதைத் தேர்ந்தாலும் தெரிந்து தேருங்கள், கட்டுரையில் எழுதுங்கள்.

நாள் முழுக்க மாறாத வெப்பம், ஒரே ஒளி என்பது பூமியில் எங்கும் இல்லாத காலநிலை. குறைந்தபட்சம் இரவு பகல் ஏற்ற இறக்கமும் படிப்படியான விடியலும் வையுங்கள். நல்ல நிலையங்களில் அருகிலுள்ள வானிலைக் கோபுரத்தின் தரவை அப்படியே ஓட்டி, அதன் மேல் மாற்றத்தைச் சேர்க்கலாம். ஒளியை நாள் மொத்தமாகக் கணக்கிடுங்கள்: சதுர மீட்டருக்கு நொடிக்கு 500 மைக்ரோமோல் ஒளி 12 மணி நேரம் எரிந்தால் நாள் மொத்தம் சதுர மீட்டருக்கு 21.6 மோல். வெப்ப மண்டலத்தில் வெயில் நாளில் வெளியே 40 மோலுக்கு மேல் கிடைக்கும். அரை வெயிலில் வளர்ந்த செடியின் முடிவை முழு வெயில் வயலுக்குப் பொருத்தக் கூடாது. கண்ணாடி புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும் என்பதால்தான் மோன்பெலியேயில் பெரிய அறைகளின் குவிமாடங்களுக்கு அதை ஊடுருவவிடும் டெஃப்ளான் வகை மென்படலம் போட்டிருக்கிறார்கள்.

கரியமில வாயுவை ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதும் ஆண்டுக்கணக்கில் மெல்ல உயர்த்துவதும் ஒரே விளைவைத் தராது. வேர்ப்பூஞ்சைகள் திடீர் உயர்வுக்குத் தரும் எதிர்வினை வேறு. முடிந்தவரை படிகளாக ஏற்றுங்கள்.

படி 6: ஓட்டம் தொடங்கிய பிறகு

அறைக்குள் போவதே ஒரு குறுக்கீடு. லேசான வேலை செய்யும் ஒருவர் நிமிடத்துக்கு 0.3 லிட்டர் அளவில் கரியமில வாயு விடுகிறார். 8 கன மீட்டர் அறையில் அது நிமிடத்துக்கு 37 பிபிஎம். பத்து நிமிடத்தில் உள்ளே இருக்கும் அளவு வெளிக்காற்றைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். எனவே சுவர்க் கையுறை வழியே வேலை செய்யுங்கள். இல்லையேல் உள்ளே போன நேரத்தைக் குறித்து, அடுத்த சில மணி நேரத் தரவை நீக்குங்கள். எல்லா அறைகளுக்கும் ஒரே அளவு நேரம் போங்கள், சோதனைக்கு எதுவுமே செய்யாத ஒப்பீட்டு அறைக்கும்தான். சிலிண்டர் இருக்கும் இடத்தில் அலாரம் கட்டாயம். 5,000 பிபிஎம் என்பது எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு. 40,000 உயிருக்கு ஆபத்து. வாயு கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும்.

பூச்சிகள் அறைக்குள் வெடித்துப் பெருகும். உண்ண எதிரிகள் இல்லை, குளிர்காலம் இல்லை. சிலந்திப்பேன், வெள்ளை ஈ, இலைப்பேன் மூன்றும் வழக்கமான விருந்தாளிகள். மருந்து தெளித்தால் மண் உயிர்களும் போகும், சோதனையும் போகும். மஞ்சள் ஒட்டட்டை வைத்து வாரம் ஒரு முறை எண்ணுங்கள். சிலந்திப்பேனுக்குக் கொன்றுண்ணிப் பேன் விடலாம். ஆனால் எல்லா அறையிலும் ஒரே எண்ணிக்கையில். தோட்டத்தில் நின்றுவிட்டு அதே உடையோடு யாரையும் உள்ளே விடாதீர்கள்.

ஈரமூட்டும் கருவிக்கும் மழைத் தெளிப்பானுக்கும் போர்வெல் தண்ணீர் ஆகாது. உப்பு நுனிகளை அடைக்கும், இலையில் வெள்ளையாகப் படியும். உப்பு நீக்கிய நீரில், உள்ளூர் மழைநீரின் உப்புகளை அதே அளவில் சேர்த்துக் கொடுங்கள். லோட் செல் (எடை அளக்கும் சென்சார்) மேல் நிற்கும் மண்ணுக்கு ஒரு கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் 1 கிலோ என்பது 1 மி.மீ. நீர். 100 கிராம் வரை பிரித்தறியும் செல் இருந்தால் 0.1 மி.மீ. ஆவியாதலைக்கூடப் பார்க்கலாம். செடி வளரும் எடையும் இதில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை, அது போகும் முன்பே மெயினை அணைத்துச் சோதியுங்கள். ஜெனரேட்டர் வரும் சில நொடிகளில் கன்ட்ரோலர் அணைந்து, திரும்பும்போது தொழிற்சாலையில் வைத்த செட் பாயிண்டில் (இலக்கு எண்ணில்) போய் நிற்கலாம். கன்ட்ரோலருக்கும் டேட்டா லாகருக்கும் தனி யூபிஎஸ் வையுங்கள். கம்ப்ரசர் நின்று விளக்கு மட்டும் எரிவது இன்னும் மோசம், அறை அடுப்பாகிவிடும். நிர்ணயித்த வெப்பத்துக்கு மேல் 5 டிகிரி போனால் விளக்கு தானே அணையும்படி இணைப்பு கொடுங்கள். போனுக்கு வரும் எச்சரிக்கை இதற்கு மாற்று அல்ல. அது வரும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

படி 7: மாதிரி எடுத்தலும் கணக்கை மூடுதலும்

மண் மாதிரி எடுக்கும் இடங்களின் வரைபடத்தை முதல் நாளே போட்டு, குலுக்கல் முறையில் தேதி ஒதுக்குங்கள். எடுத்த குழியை அதே மண்ணால் அடைத்து அடையாளக் குச்சி நடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழை அந்தக் குழி வழியே இறங்கும்.

கணக்கு மூடுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். மழை, வடிநீர், ஆவி, எடை மாற்றம் நான்கும் ஒத்துப்போக வேண்டும். கார்பனுக்கும் அப்படியே. ஒத்துப்போகாதபோது அறையின் சுவரையும் சந்தேகியுங்கள். அரிசோனாவின் பயோஸ்பியர் 2-இல் 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் அடைந்துகொண்டார்கள். பரப்பு 1.27 ஹெக்டேர், காற்றுக் கசிவு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கும் குறைவு. பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14.5-க்கு அருகே இறங்கி, வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. உரமேறிய மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்தன என்பது புரிந்தது. ஆனால் அதற்கு ஈடான கரியமில வாயு காற்றில் இல்லை. புதிய கான்கிரீட் சுவர் அதை உறிஞ்சிச் சுண்ணாம்புக் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டிருந்தது. சிறு அறையிலும் பூசப்படாத சிமென்ட் இருந்தால் இதேதான் நடக்கும், எபாக்சி பூசுங்கள்.

நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று மூலத் தரவைத் திருத்தாமல் சேமியுங்கள். திருத்தங்கள் தனிக் கோப்பில். கடைசி அறுவடை முடிந்ததும் எல்லாரும் களைப்பில் மெயினை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, உப்புக் கூழையும் தரப்படுத்திய வாயுவையும் மீண்டும் வைத்து ஒவ்வொரு சென்சாரையும் சரிபாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் எவ்வளவு விலகியிருந்தது என்று தெரிந்தால்தான், இடைப்பட்ட மாதங்களின் தரவைத் திருத்த முடியும்.